மருந்து வைத்தவள்

எங்கள் பக்கத்தில் மருந்து என்று மொட்டையாகச் சொன்னால் ஒன்றும் விளங்காது. மருந்து அடித்தான் என்றால் தோட்டத்துப் பயிருக்கு. மருந்து குடித்தான் என்றால் ஆளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மருந்து ஓட்டினான் என்றால் கோழிப் பண்ணையின் தண்ணீர்த் தொட்டியில் கலந்து விட்டான் என்று பொருள். மருந்து வைத்தாள் என்றால் அது வேறு கதை. அந்தக் கதையோடுதான் நான் இந்தக் குடும்பத்துக்குள் வந்தேன்.

கல்யாணமாகி ஐந்து மாதம் இருக்கும். சோற்றிலோ குழம்பிலோ எதையோ கலந்து கொடுத்து மகனை முந்தானையில் முடிந்துகொண்டேன் என்று என் மாமியார் முடிவுக்கு வந்தார். அவரிடம் ஆதாரம் இரண்டு இருந்தன. மகன் இளைத்துவிட்டான். மகன் தான் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைக்கிறான். இரண்டாவதுதான் அவரை ரொம்பவும் பயமுறுத்தியது.

ஜலகண்டாபுரத்துக்கு அப்பால் ஒரு தறிக்காரர் வீட்டில் மருந்து எடுக்கிற அம்மா ஒருவர் இருந்தார். செவ்வாயும் வெள்ளியும் கூட்டம் நிற்கும். மாமியார் மகனைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். நானும் ஏறினேன். மருந்து வைத்தவளே கூட வருவது அங்கே வழக்கமில்லை போலிருக்கிறது, எல்லோரும் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மா என் வீட்டுக்காரருக்கு ஏதோ தழைச்சாற்றைக் குடிக்கக் கொடுத்து, வயிற்றில் ஒரு குழலை வைத்து உறிஞ்சி, தட்டில் துப்பினார். புளியங்கொட்டை அளவில் கறுப்பாக ஓர் உருண்டை. அதில் மயிர் சுற்றியிருந்தது.

"பாத்துக்கங்க. எட்டு மாசத்து மருந்து" என்றார்.

"எங்களுக்குக் கல்யாணமாயி அஞ்சு மாசந்தானுங்க ஆவுது" என்றேன் நான்.

மாமியார் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "அப்பக் கல்யாணத்துக்கு முந்தியே வெச்சுப்போட்டாளா!"

அவர் அந்தப் பக்கம் திருநீறு வாங்கத் திரும்பிய நேரத்தில் நான் உருண்டையைக் கைக்குட்டையில் முடிந்து எடுத்து வந்துவிட்டேன். மறுநாள் நான் வேலை பார்க்கிற பரிசோதனைக்கூடத்தில் அதைக் கரைத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். புளி, வெல்லம், ஆட்டு மயிர். அந்த அம்மா தன் கன்னத்துக்குள் அடக்கி வைத்திருந்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து மாமியாரிடம் ரிசல்ட்டைச் சொன்னேன். அவர் முறத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"மிசினுக்கு என்ன தெரியும்?" என்றார்.

நான் சந்தேகப் பிராணி, ஒத்துக்கொள்கிறேன். பால் பாக்கெட்டை முகர்ந்து பார்க்காமல் பிரிக்க மாட்டேன். மாத்திரை அட்டையில் உள்ள தேதியைக் கடைக்காரர் எதிரிலேயே படிப்பேன். என் வீட்டுக்காரரோ வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஆள். எங்கள் ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்த்தவர் இதை மட்டும் பார்க்காமல் விட்டுவிட்டார்.

என் பிழைப்பும் சந்தேகப்படுவதுதான். நாமக்கல்லிலிருந்து மோகனூர் போகிற சாலையில், ஒரு மாடியில், கோழிகளுக்கான பரிசோதனைக்கூடம். பண்ணைக்காரர்கள் செத்த கோழியைச் சாக்கில் போட்டுக் கொண்டுவருவார்கள். டாக்டர் அறுத்துப் பார்ப்பார். ஈரலில் ஒரு துளி எடுத்து அதிலுள்ள கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அது கேட்கிறது என்று பார்ப்பது என் வேலை. வட்டத் தட்டில் கிருமியைப் பரப்பி, மருந்தில் நனைத்த சின்னக் காகிதப் பொட்டுகளை அதன்மேல் வைப்பேன். மறுநாள் காலையில் தட்டு முழுக்கக் கிருமி படர்ந்திருக்கும். எந்தப் பொட்டைச் சுற்றி ஒன்றும் முளைக்காமல் வெற்று வட்டம் விழுந்திருக்கிறதோ அந்த மருந்து கேட்கும். வட்டம் விழாவிட்டால் கேட்காது.

பண்ணைக்காரர்களுக்கு மற்ற விவரமெல்லாம் வேண்டாம். "எது கேக்குமுன்னு மட்டும் சொல்லுங்க அம்மிணி" என்பார்கள். நான் சொல்வேன். ஐந்து நாள் தண்ணீரில் ஓட்டச் சொல்லி எழுதியும் கொடுப்போம். மூன்றாம் நாள் கோழி தலையைத் தூக்கித் தீனி பொறுக்கியதும் நிறுத்திவிடுவார்கள். ஏன் என்று கேட்டால் "விருந்தும் மருந்தும் மூணு நாளைக்குத்தானுங்க" என்று பதில் வரும். யாரோ எதற்கோ சொன்ன பழமொழி எங்கள் பக்கத்தில் டாக்டர் சீட்டாகிவிட்டது. அந்த மூன்று நாளில் சாகாமல் மிஞ்சிய கிருமி அடுத்த மாதம் என் தட்டுக்கு வரும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எட்டுப் பொட்டு வைத்தால் ஆறு வட்டம் விழும். பிறகு நாலு ஆனது. பிறகு இரண்டு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மனிதனுக்கு வேறெதுவும் கேட்காதபோது கடைசியாகப் போடுகிற ஊசி மருந்து ஒன்றைக் கோழிக்குத் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள். கோழி நன்றாகத் தேறும் என்று. அது கேட்கும் என்று என் கையெழுத்திலேயே எத்தனையோ ரிப்போர்ட் போயிருக்கிறது. பிறகு அரசாங்கம் அதைத் தடை செய்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்றைக்கு நான் வழக்கம்போல டிபன் பாக்ஸைத் திறந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

என் வீட்டுக்காரர் லாரி பாடி கட்டுகிற பட்டறையில் வெல்டர். போன வருடம் ஒரு பழைய லாரி ரிப்பேருக்கு வந்திருக்கிறது. கோழி எரு ஏற்றி ஏற்றிப் பின்பக்கத் தகடு அரித்துப்போன வண்டி. அந்தத் தகட்டைக் கழற்றும்போது அது நழுவி இவர் காலில் விழுந்தது. இவருக்கு ஏழெட்டு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது, காலில் வலி அவ்வளவாகத் தெரியாது. துணியைச் சுற்றிக்கொண்டு மூன்று நாள் வேலைக்குப் போயிருக்கிறார். எனக்கு நாற்றத்தில்தான் தெரிந்தது. டாக்டர் ஏழு நாளைக்கு மாத்திரை கொடுத்தார். நான் பண்ணை ரிப்போர்ட்டில் மும்முரமாக இருந்த வாரம் அது. எட்டாம் நாள் அட்டையைப் பார்த்தால் பாதி மாத்திரை அப்படியே இருக்கிறது.

"ஏனுங்க, ஏன் நிறுத்துனீங்க?"

"புண்ணு ஆறுன மாதிரி இருந்துச்சு புள்ள. விருந்தும் மருந்தும்..."

அவர் முடிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் விழுங்கிவிட்டார்.

புண் ஆறவில்லை. சேலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரண்டு விரலை எடுத்தார்கள். ஊசிமேல் ஊசி போட்டுப் பார்த்துவிட்டு, தினமும் கட்டுப் பிரித்துக் கட்டுங்கள் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். சீழ் மேலே ஏறினால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருக்கும் என்றார் சர்ஜன். அவர் சொன்னதிலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு நாள் காலையில் கட்டுப் பிரிக்கும்போது பஞ்சில் ஒரு துளி சீழ் எடுத்துக்கொண்டு பரிசோதனைக்கூடத்துக்குப் போனேன். கோழிக் கூடத்தில் மனுசன் சீழை வைத்துப் பார்ப்பது முறையில்லை. முதலாளியிடம் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், அதுதான் அவருடைய சம்மதம்.

மறுநாள் தட்டைத் திறந்தேன். எட்டுப் பொட்டு, எட்டைச் சுற்றியும் கிருமி நெருக்கமாகப் படர்ந்திருந்தது. அந்தக் கடைசி ஊசி மருந்தின் பொட்டையும் விடவில்லை. அது மட்டுமென்றால் பயந்திருப்பேன், அவ்வளவுதான். அந்தத் தட்டின் ஜாடை எனக்குத் தெரிந்த ஜாடையாக இருந்தது. வாரா வாரம் பண்ணைக் கோழியிலிருந்து வருகிற தட்டுக்கும் இதற்கும் என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. எரு லாரித் தகட்டிலிருந்தா, ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்தா, கறி அலம்பிய என் கையிலிருந்தா, எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. நிரூபிக்க முடியாத சந்தேகத்தை வைத்துக்கொண்டு தூங்குவது கஷ்டம். நான் அதை யாரிடமும் சொல்லவில்லை.

இந்தச் சமயத்தில்தான் நாத்தனார் மகள் பெங்களூரிலிருந்து தாய்மாமனைப் பார்க்க வந்தாள். முப்பது வயது. ரசாயனத்தில் பெரிய படிப்புப் படித்துவிட்டு ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் இருக்கிறாள். அங்கே ஏஐ புது மருந்து வரைகிறது என்று குடும்பத்தில் ஏற்கெனவே பேச்சு. எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. அவள் லேப்டாப்பைத் திறந்து காட்டினாள். ஆறுமூலைக் கட்டங்கள், கட்டத்திலிருந்து வால்கள், வாலிலிருந்து இன்னொரு கட்டம். பட்டனைத் தட்டத் தட்டப் புதிது புதிதாக வந்துகொண்டே இருந்தது.

"கிருமியைக் கொன்னது, கொல்லாதது, எல்லா மருந்தோட அமைப்பையும் இது படிச்சிருக்குதுங்க அத்தை. படிச்சுப்போட்டு, இது வரைக்கும் ஒலகத்துல யாரும் செய்யாத ஒண்ணை வரையுது."

"சரியா வரையுதுன்னு யாரு சொல்றது?"

"இன்னொரு மாடலுங்க. இது நச்சா, தண்ணில கரையுமான்னு அது பாத்துச் சொல்லும்."

"அந்த மிசின் சரின்னு யாரு சொல்றது?"

அவள் சிரித்தாள். "அதுக்குத்தானுங்க நாங்க சம்பளம் வாங்கறோம்."

ஒளிக்காமல் சொன்னாள், அதை நான் சொல்லியாக வேண்டும். மிஷின் வரைகிறதில் பெரும்பாலானதைச் செய்யவே முடியாதாம். அவர்களிடம் உள்ள ஒரு மூத்த கெமிஸ்ட் படத்தைப் பார்த்துவிட்டு, இதை வரைந்தவன் ஒரு நாளாவது அடுப்புப் பக்கம் போயிருக்கிறானா என்று கேட்பாராம். எனக்கு உடனே எங்கள் ஊரில் பழைய ஜோசியர் ஒருவர் ஞாபகம் வந்தது. பெண் ஜாதகத்தைக் கொடுத்தால் அதற்குப் பத்துப் பொருத்தமும் வருகிற மாதிரி மாப்பிள்ளைக்கு ஜாதகம் எழுதித் தருவார். கட்டத்தில் ஒரு குறை இருக்காது. அந்த நேரத்தில் பிறந்த மாப்பிள்ளைதான் இருக்க மாட்டான். மிஷினும் கிருமியைப் பார்த்துவிட்டு ஜாதகம் எழுதுகிறது என்றேன். அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். "கரெக்டுங்க அத்தை. அப்படியொரு மாப்பிள்ளையைப் பெத்து எடுக்கறதுதான் எங்க பாடு" என்றாள்.

காலை நாற்காலிமேல் நீட்டி உட்கார்ந்திருந்த இவர் எட்டிப் பார்த்தார். "எனக்கு ஒண்ணு வரையச் சொல்லு சாமி" என்றார். அவள் லேப்டாப்பை மூடிவிட்டாள்.

கிளம்பும்போது அவள் வந்த இன்னொரு காரியத்தைச் சொன்னாள். எங்கள் கூடத்து ஃப்ரீசரில் பல வருடமாகச் சேர்ந்து கிடக்கிற, எந்த மருந்துக்கும் கேட்காத முரட்டுக் கிருமிகள் அவளுக்கு வேண்டும். கையெழுத்து, அனுமதி எல்லாம் முறைப்படி வாங்கி முதலாளியும் சரி என்றார். அதற்கு மாற்றாக, அவர்கள் செய்து முடித்த மருந்துகளை எங்களுக்கும் அனுப்புவார்கள். அங்கே பார்த்ததை இங்கேயும் தனியாக ஒருத்தர் பார்க்க வேண்டுமாம், ஒரே இடத்தில் பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்களாம். அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது. சந்தேகப்படுவதற்கு ஓர் ஆளையே நியமிக்கிறார்கள் என்றால் அது ஓரளவு நாணயமான இடம்தான்.

பண்ணைக் கிருமிகள் பதினாறு. ஒவ்வொன்றுக்கும் எண் மட்டும் எழுதினேன். பதினேழாவதாக இன்னொரு குப்பியையும் வைத்துக்கொண்டேன். அதில் என் வீட்டுக்காரர் காலில் இருந்த கிருமி. அதை நான் பெங்களூருக்கு அனுப்பவில்லை, அதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவும் இல்லை.

சில வாரம் கழித்து ஐஸ் பெட்டியில் ஆறு குப்பி வந்தது. மிஷின் வரைந்த ஆயிரக்கணக்கில் தேறியது இந்த ஆறு. நகக்கண் அளவுக்கு வெள்ளைப் பொடி. பெயரில்லை, ஒன்று முதல் ஆறு வரை எண். அதைக் கையில் எடுத்தபோது எனக்குக் கொஞ்சம் அருவருப்பாகக்கூட இருந்தது. வேரில்லை, தழையில்லை, மண்ணில் கிடந்த பூஞ்சையில்லை. யாருடைய நாக்கும் தொட்டதில்லை. மனுசன் கண்டதும் இல்லை, நினைத்ததும் இல்லை.

மூன்றாம் எண் குப்பி கொன்றது. பதினாறு தட்டிலும் கொன்றது. பதினேழாவது தட்டைத் திறந்தபோது அந்தப் பொட்டைச் சுற்றி ஒரு ரூபாய்க் காசைவிடப் பெரிய வெற்று வட்டம். நான் நம்பவில்லை. பொட்டு மாறியிருக்கும் என்று மறுபடி வைத்தேன். கரைத்த திரவமே கொன்றிருக்கும் என்று அதை மட்டும் தனியாக வைத்துப் பார்த்தேன், அது ஒன்றும் செய்யவில்லை. மூன்று தடவை வைத்தேன், மூன்று தடவையும் அதே வட்டம். வட்டத்தை அளந்த ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். சந்தேகப்படுவதற்கு வேறு எதுவும் மிச்சமில்லை.

அன்றைக்குக் காலையில்தான் இவர் காலில் கணுக்காலுக்கு மேலே ஒரு சிவப்புக் கோடு ஏறியிருந்ததைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

மூன்றாம் குப்பியில் இன்னும் மீதி இருந்தது. கரைத்தால் நாலு சொட்டு வரும். தினமும் கட்டுப் போடுவது நான். பஞ்சில் விட்டுப் புண்ணில் வைத்தால் யாருக்கும் தெரியாது. அவர் என்ன ஏது என்று கேட்கிற ஆளும் இல்லை. கரைத்து, டிபன் பையில் ஐஸ்கட்டிக்கு நடுவில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த குப்பியை மறுநாள் காலை திறந்தேன். கையுறை போட்டேன். பஞ்சில் சொட்டு விட்டேன். மாமியார் இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் என்மேல் போட்ட பழியை அன்றைக்கு நான் மெய்யாக்கப் போகிறேன் என்று தோன்றியது. தோன்றியும் கை நிற்கவில்லை.

பழைய கட்டைப் பிரித்ததும் ஓரத்தில் புதுரத்தம் ஒரு நூலாகக் கசிந்தது. அதைப் பார்த்ததும்தான் உறைத்தது. கிருமியைக் கேட்டேன், பதினேழு தடவை கேட்டேன். ரத்தத்தைக் கேட்கவில்லையே?

"என்ன புள்ள, அப்படியே நின்னுட்டே?" என்றார்.

"ஒண்ணுமில்லீங்க. பஞ்சு கீழ விழுந்துருச்சு. வேற எடுத்துட்டு வாரேன்."

அந்தப் பஞ்சையும் குப்பியில் மிச்சமிருந்ததையும் பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டு, அவருக்குப் பழையபடி கட்டுப் போட்டுவிட்டுக் கூடத்துக்கு ஓடினேன். என் விரலைக் குத்தி உப்புத் தண்ணீரில் ரத்தம் விட்டேன். நல்ல ரத்த அணு அந்த உப்புத் தண்ணீரில் அடியில் போய்ப் படியும், மேலே தெளிந்த தண்ணீர் நிற்கும். ஆறு குழாயிலும் ஆறு மருந்தை விட்டு வைத்தேன். அரை மணி கழித்துப் பார்த்தேன். ஐந்து குழாயில் ரத்தம் அடியில் கிடந்தது. மூன்றாவது குழாய் மட்டும் மேலிருந்து கீழ்வரை ரோஸ்மில்க் நிறத்தில் இருந்தது. அணு ஒன்றுவிடாமல் வெடித்திருந்தது. அது கிருமியைத் தேடிக் கொல்லவில்லை, எதிரில் வந்ததையெல்லாம் கொன்றது. அதை நான் அவர் புண்ணில் விட இருந்தேன்.

நாத்தனார் மகளுக்குப் போன் செய்தேன். தாய்மாமன் காலில் இருந்து எடுத்த கிருமி, டிபன் பை, பஞ்சு, எல்லாவற்றையும் சொன்னேன்.

"மூணாம் நம்பரை நாங்களும் இன்னைக்குக் காலையிலதானுங்க தள்ளிட்டோம்" என்றாள். "மிசின் அதை நல்லதுன்னு சொல்லிச்சு. அஞ்சாம் நம்பர் பாத்தீங்களா?"

பார்த்திருந்தேன். ஐந்தாவது பொட்டைச் சுற்றி மெல்லிய வட்டம், மிளகு அளவுக்கு. ஆனால் எல்லாத் தட்டிலும் இருந்தது, பதினேழிலும் இருந்தது. ரத்தத்தை அது தொடவில்லை.

"அதுதானுங்க அத்தை நல்லது. அதை வெச்சுக்கிட்டு மாத்தி மாத்தி வரைவோம். அப்புறம் எலி, அப்புறம் மனுசங்க. வருசக்கணக்குல ஆகுமுங்க."

"உங்க மாமா காலு அத்தனை நாளைக்கு நிக்காது கண்ணு."

"தெரியுமுங்க" என்றாள். அவள் அழுதது எனக்குக் கேட்டது.

அந்த வாரமே சேலத்தில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்தவர் முதலில் போர்வையைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். "போவுது உடு புள்ள. லாரிக்கே ஒரு ஸ்டெப்னி வெச்சுத்தான் ஓட்டறோம்" என்றார். எனக்கு அவர்மேல் அப்படியொரு கோபம் வந்தது. அப்போதுகூட எனக்கு ஆறுதல் சொல்கிற ஆளை என்ன செய்வது.

பத்து நாள் கழித்து வேலைக்குப் போனேன். அன்றைக்கே ஒரு பண்ணைக்காரர் வந்தார். பல வருடமாக வருகிறவர், தங்கமான மனிதர். இவருக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்து ஒரு அட்டை முட்டை கொண்டுவந்திருந்தார். பேச்சுவாக்கில் கேட்டார்.

"ஏனுங்க அம்மிணி, கம்ப்யூட்டர்ல புதுசா ஒரு மருந்து கண்டுபுடிச்சிருக்கறாங்களாமா? மொதலாளி சொன்னாரு. எதுக்கும் கேக்காத கிருமிக்கும் கேக்குதாம்ல?"

"இன்னும் வரலீங்க. வர வருசக்கணக்காவும்."

"வந்தா சொல்லிப்போடுங்க. அது தண்ணில கலக்கறதுங்களா, தீவனத்துலீங்களா?"

நான் முட்டை அட்டையை எடுத்து மேசைக்கு அடியில் வைத்தேன். அவர் அதைத் தயக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

"பயப்படாதீங்க. சும்மாவெல்லாம் ஓட்ட மாட்டேன். மூணே நாளு ஓட்டிப்போட்டு நிறுத்திக்கறேன்" என்றார்.

கத்த வேண்டும் போலிருந்தது. முடியவில்லை. பழைய ரிப்போர்ட் கட்டைப் பிரித்து அவர் பண்ணைத் தாள்களை எடுத்துப் பார்த்தேன். கேட்கும், கேட்கும், கேட்கும் என்று வருடம் வருடமாக என் கையெழுத்து. அவர் மருந்தை ஓட்டினார், எதை ஓட்டலாம் என்று சொன்னவள் நான். இத்தனை நாளும் நான் மிஷினைச் சந்தேகப்பட்டேன், சர்ஜனைச் சந்தேகப்பட்டேன், பால்காரனைக்கூட விடவில்லை. இந்தக் கையெழுத்தை மட்டும் ஒரு நாளும் முகர்ந்து பார்க்கவில்லை. அவருக்குக் காபி வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். முட்டையை வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனாரும் மகளும் மாமியாரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். மாமியாருக்கு எண்பது ஆகிறது. அவர் சின்ன மகன் வீட்டில் இருக்கிறார், காலை எடுத்ததை அதுவரை அவரிடம் சொல்லவில்லை. கட்டிலில் மகன் பக்கத்தில் உட்கார்ந்து, இல்லாத பாதம் இருந்திருக்க வேண்டிய இடத்தில் போர்வையைத் தடவித் தடவிப் பார்த்தார். அழவில்லை. நான் முட்டை அவித்துத் தட்டில் கொண்டுவந்து வைத்தேன். அவர் ஒன்றை எடுத்து மகனுக்காகத் தோலை உரிக்க ஆரம்பித்தார்.

"இரும்பு பட்ட புண்ணு இப்படி ஆவுமா? பட்டறைக்காரன் எல்லாத்துக்குந்தான் இரும்பு படுது" என்றார் உரித்துக்கொண்டே. "இவனுக்கு யாரோ மருந்து வெச்சிருக்கறாங்க."

நாத்தனார் பதறிப்போய், "அம்மா, சும்மா இரு" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இந்தப் பேச்சு எப்போது வந்தாலும் புளி, வெல்லம், ஆட்டு மயிர் என்று நான் ஆரம்பித்துவிடுவேன் என்று அவர்களுக்குத் தெரியும்.

"ஆமாங்க அத்தை" என்றேன். "மருந்து வெச்சுத்தான் இப்படியாச்சு."

மாமியார் நிமிர்ந்தார். "யாரு?"

"நாந்தானுங்க."

இவர் "ஏ புள்ள" என்றார். நான் நிறுத்தவில்லை.

"ஒரு நாள் ரெண்டு நாளில்லீங்க. இருபத்தஞ்சு வருசமா வெச்சேன். கோழிக்குன்னுதான் வெச்சேன். அது எங்கெங்கயோ சுத்தி இவருகிட்ட வந்துருச்சு. இப்ப எந்த மருந்தும் கேக்கலீங்க."

அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் இருபத்தாறு வருடம் காத்திருந்த வாக்குமூலம் கிடைத்த ஆளின் முகம் அப்படியா இருக்கும்? அதில் கோபமும் இல்லை, ஜெயித்த சந்தோசமும் இல்லை.

"எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றார். குரலில் சுரத்தே இல்லை. பிறகு கையிலிருந்த பாதி உரித்த முட்டையைப் பார்த்தார். "எனக்குமா வெச்சே?"

"ஊருக்கே வெச்சேனுங்க அத்தை."

முட்டையைத் தட்டில் வைத்தார். விரலில் ஒட்டியிருந்த ஓட்டுத் துணுக்கைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

"வெச்ச மருந்தை எடுக்கறதுக்கு ஆளு இருக்குதா?"

நான் நாத்தனார் மகளைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்து தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.